எடை குறைந்தது... எதுக்களிப்பு எங்கிருந்து வந்தது?

இரவு 2 மணி. வீடே தூங்கிக்கொண்டிருக்கிறது. ஹால் சோபாவில், முதுகுக்கு மூன்று தலையணைகளை அண்டக்கொடுத்து, உட்கார்ந்த நிலையிலேயே தூங்க முயல்கிறார் ஒரு பெண்மணி. 41 வயது. பள்ளி ஆசிரியை. இரண்டு வருடங்களுக்கு முன்பு 112 கிலோ. இன்றைக்கு 76. சர்க்கரை மாத்திரை நின்றுவிட்டது. மூட்டுவலி இல்லை. பள்ளிக்கூட மாடிப்படிகளை மூச்சிரைக்காமல் ஏறுகிறார். எல்லாம் நல்லபடிதான். ஆனால் படுத்தால், வயிற்றிலிருந்து புளித்த தண்ணீர் தொண்டைவரை வந்து எரிகிறது. சில இரவுகளில் மூக்குவரை ஏறிவிட, திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்து இருமுகிறார்.

வீட்டில் இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஆபரேஷன் என்று பேச்செடுத்தபோதே, "நல்லா இருக்கிற வயித்தை எதுக்கும்மா அறுக்கணும்? ராத்திரி சோத்தை நிறுத்தினா தானா இளைக்கப்போகுது" என்றவர் மாமியார். இப்போது நெஞ்சு எரிகிறது என்று வாய் திறந்தால், "நான் அப்பவே சொன்னேன்ல" என்ற வார்த்தையைக் கேட்டாக வேண்டும். அதற்கு சோபாவே மேல்!

இவர் குறிப்பிட்ட ஒருவர் அல்ல. எடைக்குறைப்பு அறுவைசிகிச்சை செய்துகொண்டு, இரண்டு மூன்று வருடங்கள் கழித்து 'கேஸ்' மாத்திரையோடு வாழ்ந்துகொண்டிருக்கும் பலரையும் சேர்த்து வரைந்தால் கிடைக்கும் முகம். இவர்களில் பெரும்பாலானவர்கள் தங்கள் மீதே பழி போட்டுக்கொள்கிறார்கள். 'ஊறுகாய் சாப்பிட்டேன்ல, அதான்', 'டீயைக் குறைக்கணும்' என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள். ஊறுகாய்க்கும் டீக்கும் இதில் பங்கு உண்டுதான். ஆனால், விஷயம் சமையலறையில் தொடங்கவில்லை. ஆபரேஷன் தியேட்டரில், இரைப்பையின் வடிவம் மாறிய அந்த ஒரு மணி நேரத்தில் தொடங்கியது.

பையா, பைப்பா?

எடைக்குறைப்புக்காக இன்று உலகத்தில் அதிகம் செய்யப்படும் ஆபரேஷன், 'ஸ்லீவ் கேஸ்ட்ரெக்டமி'. ஸ்லீவ் என்றால் சட்டைக்கை. இரைப்பையின் இடதுபக்கம் நெடுக ஸ்டேப்ளர் கருவியால் தைத்து, ஏறக்குறைய முக்கால் பாகத்தை வெட்டி வெளியே எடுத்துவிடுவார்கள். மிச்சம் இருப்பது சட்டைக்கை போன்ற, அல்லது வாழைப்பழம் போன்ற ஒரு குழாய். ஒரு லிட்டருக்கும் மேல் கொள்ளும் பை, 100 முதல் 150 மி.லி வரை மட்டுமே கொள்ளும் குழாய் ஆகிறது. வெட்டி எடுக்கப்படும் மேல்பகுதியில்தான் பசியைத் தூண்டும் 'கிரெலின்' ஹார்மோன் அதிகம் சுரக்கிறது. அதனால் பசியும் குறைகிறது. குடலில் கைவைக்க வேண்டியதில்லை, நேரமும் குறைவு. மருத்துவர்களுக்கும் நோயாளிகளுக்கும் இது பிடித்துப்போனதில் வியப்பில்லை.

இந்த ஆபரேஷன் பிறந்த கதை கொஞ்சம் விசித்திரமானது. இது தனி சிகிச்சையாகவே உருவாகவில்லை. மிக அதிக எடை உள்ளவர்களுக்குப் பெரிய குடல் மாற்று ஆபரேஷனை ஒரே மூச்சில் செய்வது ஆபத்து என்பதால், 2000-ம் ஆண்டையொட்டி அதை இரண்டாகப் பிரித்தார்கள். முதலில் இரைப்பையைச் சிறிதாக்குவது, எடை கொஞ்சம் இறங்கிய பிறகு குடலில் கைவைப்பது. முதல் கட்டத்திலேயே பலருக்கு எடை நன்றாக இறங்கிவிட்டது. இரண்டாம் கட்டத்துக்குப் பலர் வரவேயில்லை. பாதி வேலையே முழு வேலையாகிவிட்டது.

சரி, எதுக்களிப்பு எங்கே வருகிறது?

உணவுக்குழாய் இரைப்பையில் நேராகப் போய் இறங்குவதில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து, கூர்மையான கோணத்தில் சேர்கிறது. இரைப்பை நிரம்பும்போது அதன் மேல்பகுதி உப்பி, அந்தக் கோணத்தை அழுத்தி மூடிவிடும். உணவுக்குழாயின் அடியில் இருக்கும் சுருக்குத்தசையும், உதரவிதானமும் சேர்ந்து கதவைச் சாத்திக்கொள்ளும். இந்த ஏற்பாட்டால்தான் நாம் சாப்பிட்டுவிட்டுக் குனிந்து செருப்பு மாட்டினாலும் சோறு வாய்க்கு வருவதில்லை. ஸ்லீவ் ஆபரேஷனில் வெட்டு போகும் பாதை இந்தக் கோணத்துக்கு மிக அருகில் முடிகிறது. உப்பி அழுத்தவேண்டிய மேல்பகுதி இப்போது இல்லை. சுருக்குத்தசைக்குத் துணை நிற்கும் சில தசைநார்களும் வெட்டுப்படலாம்.

இன்னொன்று, அழுத்தம். மஞ்சப்பையில் எவ்வளவு போட்டாலும் அது விரிந்து கொடுக்கும். அதையே ஒரு பைப்பில் அடைத்தால்? இயல்பான இரைப்பை, சாப்பாடு வர வரத் தளர்ந்து இடம் கொடுக்கும். ஸ்லீவ் குழாய்க்கு அந்த குணம் குறைவு. கீழே இரைப்பை முடியும் இடத்தில் இருக்கும் வால்வு பழையபடி இறுக்கமாகவே இருக்கிறது. கீழே போக வழி குறுகல், விரிந்து கொடுக்க இடமில்லை, மேலே கதவு லொடலொட. உள்ளே இருப்பது எந்தப் பக்கம் போகும் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம்.

உதரவிதானத்தில் உணவுக்குழாய் நுழையும் துவாரம் அகன்று, இரைப்பையின் ஒரு பகுதி நெஞ்சுக்கூட்டுக்குள் நழுவிவிடுவது 'ஹயாட்டஸ் ஹெர்னியா'. உடல் பருமன் உள்ளவர்களிடம் இது சகஜம். ஸ்லீவ் செய்யும்போது இதைக் கவனித்துச் சரிசெய்யாமல் விட்டாலோ, பிறகு புதிதாக ஏற்பட்டாலோ, தொல்லை இரட்டிப்பாகும்.

ஆனால், ஸ்லீவ் செய்துகொண்ட எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. வயிற்றுக்கொழுப்பு குறைவதால், முன்பு இருந்த நெஞ்செரிச்சல் ஸ்லீவுக்குப் பிறகு காணாமல் போனவர்களும் உண்டு. யாருக்குக் குறையும், யாருக்குக் கூடும் என்பதை ஓரளவுக்கு மேல் முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதுதான் சிக்கல்.

பத்து வருடம் பின்தொடர்ந்தபோது...

பின்லாந்தில் 2008 முதல் 2010 வரை 240 பேரைச் சீட்டுக் குலுக்குவதுபோல இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஸ்லீவ், மறுபாதிக்கு பைபாஸ் செய்தார்கள். பத்து வருடம் கழித்து எண்டோஸ்கோபி செய்து பார்த்தபோது, உணவுக்குழாயில் அமிலப் புண் ஸ்லீவ் செய்துகொண்டவர்களில் 31 சதவிகிதம் பேருக்கு இருந்தது. பைபாஸ் செய்துகொண்டவர்களில் 7 சதவிகிதம். சுவிட்சர்லாந்தில் 217 பேரை ஐந்து வருடம் பின்தொடர்ந்த ஆய்வும் இதே திசையைத்தான் காட்டியது. முன்பே இருந்த எதுக்களிப்பு மோசமானது ஸ்லீவில் 31.8 சதவிகிதம், பைபாஸில் 6.3 சதவிகிதம்.

இதில் பயம் தருகிற ஒரு பெயர் உண்டு: 'பாரெட்ஸ்'. அமிலம் பட்டுப் பட்டு, உணவுக்குழாயின் உள்தோல் குடலின் உள்தோல்போல மாறிவிடுவது. இது புற்றுநோய் அல்ல. ஆனால் இதில் மிகச் சிலருக்குக் காலப்போக்கில் புற்றுநோய் வரலாம் என்பதால் கண்காணிப்பு தேவை. ஸ்லீவ் செய்துகொண்டவர்களில் 15 சதவிகிதத்துக்கும் மேல் பாரெட்ஸ் இருந்ததாக ஓர் ஆய்வு சொல்லி, மருத்துவ உலகமே கொஞ்சம் ஆடிப்போனது. பின்லாந்தின் பத்து வருடக் கணக்கில் அது 4 சதவிகிதம்தான். பைபாஸிலும் அதே 4. ஆகவே, கூகுளில் இந்தப் பெயரைத் தேடிப் படித்துவிட்டு ராத்திரித் தூக்கத்தைத் தொலைக்க வேண்டியதில்லை.

அதேநேரம் அலட்சியமும் கூடாது. காரணம், எரிச்சலும் புண்ணும் எப்போதும் சேர்ந்தே வருவதில்லை. துளி எரிச்சல் இல்லாதவருக்கு எண்டோஸ்கோபியில் புண் தெரியலாம். அதனால்தான், எடைக்குறைப்பு அறுவைசிகிச்சை மருத்துவர்களின் உலகக் கூட்டமைப்பு, ஸ்லீவ் செய்துகொண்டவர்கள் தொல்லை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு வருடம் கழித்து ஒருமுறை, பிறகு இரண்டு மூன்று வருடங்களுக்கு ஒருமுறை எண்டோஸ்கோபி செய்துகொள்வது நல்லது என்று சொல்கிறது. நம் ஊரில் எடை இறங்கியதும் மருத்துவமனைப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர்கள்தான் அதிகம். 'நல்லாத்தானே இருக்கேன்!'

மாத்திரை போட்டும் எரிகிறதே?

சோபா பெண்மணியின் கைப்பையில் ஓர் அட்டை மாத்திரை எப்போதும் இருக்கும். எரியும்போது ஒன்று. அதற்கும் கேட்காவிட்டால், தண்ணீரில் போட்டால் நுரைத்துப் பொங்கும் உப்பு பாக்கெட். ஏப்பம் வந்ததும் ஒரு நிம்மதி. சிறிய குழாயாக இருக்கும் இரைப்பைக்குள் வாயுவை நிரப்பி அழுத்தத்தைக் கூட்டும் இந்த வேலை, அவருக்கு நேர் எதிரானது. சோடா, கோலா வகையறாக்களும் இதே கணக்குதான்.

பேன்டோப்ரசோல், ஒமேப்ரசோல் போன்ற மாத்திரைகள் எரியும்போது போட்டுக்கொள்வதற்கானவை அல்ல. காலையில் வெறும் வயிற்றில் போட்டு, அரை மணி நேரம் கழித்துச் சாப்பிட வேண்டும். சாப்பாடு வரும்போதுதான் அமிலச் சுரப்பிகள் விழித்துக்கொள்கின்றன. அந்த நேரத்தில் மருந்து ரத்தத்தில் தயாராக இருக்க வேண்டும். சாப்பிட்டுவிட்டு, கைகழுவிவிட்டுப் போட்டால் பாதிப் பலன் வீண். 'மாத்திரை வேலை செய்யலை டாக்டர்' என்று வருபவர்களிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எப்போது போடுகிறீர்கள் என்பதுதான்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. வருடக்கணக்கில் அமிலத்தை அடக்கினால் பி12, இரும்பு, மக்னீசியம் இவை உடலில் சேர்வது குறையும். இரைப்பையை இழந்தவர்களுக்கு இந்தச் சத்துகள் ஏற்கெனவே தட்டுப்பாடுதான். சுண்ணாம்புச்சத்து மாத்திரையிலும் வித்தியாசம் இருக்கிறது. கால்சியம் கார்பனேட் கரைவதற்கு அமிலம் வேண்டும், கால்சியம் சிட்ரேட்டுக்கு வேண்டாம். இவர்களுக்குச் சிட்ரேட்தான் பொருத்தம். இரும்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் ஒரே நேரத்தில் விழுங்கக் கூடாது, குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி தேவை. காபி, டீயோடு இரும்பு மாத்திரை போடுவதும் வீண்.

மாத்திரைக்குச் சமமாக வேலை செய்வது இரவுச் சாப்பாட்டு நேரம். சீரியல் முடிந்து 10 மணிக்குச் சாப்பிட்டு 10.30-க்குப் படுக்கும் வீட்டில் எந்த மாத்திரையும் ஜெயிக்காது. படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பாடு முடிந்திருக்க வேண்டும். தலையணைகளை அடுக்குவதால் கழுத்து மடிந்து வயிறு அழுந்துமே தவிர, பெரிய லாபமில்லை. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல்லோ கட்டையோ வைத்து அரை அடி உயர்த்துவதுதான் சரி. இடதுபக்கம் திரும்பிப் படுத்தால் பலருக்கு எரிச்சல் குறைகிறது. இறுக்கிக் கட்டிய பாவாடை நாடாவும் பேன்ட் பெல்ட்டும்கூட வயிற்றை அழுத்தும். எடை இறங்கிய சந்தோஷத்தில் போடும் இறுக்கமான உடைகளுக்கும் இது பொருந்தும்.

சாப்பாட்டோடு தண்ணீர் குடிப்பதை மருத்துவர்கள் தடுப்பார்கள், அரை மணி நேரம் கழித்துக் குடிக்கச் சொல்வார்கள். ரசம் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டே வளர்ந்த நாக்குக்கு இது பெரிய தண்டனை. மென்று தின்பதற்கே அரை மணி நேரம் ஆகும் என்பதால், கல்யாணப் பந்தியில் இவர்கள் பாடு திண்டாட்டம்தான். இரண்டாவது வாய் இட்லிக்கே பக்கத்து இலைக்காரர் பாயசத்துக்குப் போயிருப்பார்.

ஒரு எச்சரிக்கை. நெஞ்சில் எரிச்சல், அழுத்தம், அதோடு வியர்வை, மூச்சுவாங்கல், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி என்றால் அதை 'கேஸ்' என்று முடிவுகட்டக் கூடாது. ஆபரேஷனுக்கு முன்பு பல வருடம் சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் இருந்த உடம்பு இது. முதலில் ஈ.சி.ஜி.

எல்லா வாந்தியும் எதுக்களிப்பு அல்ல

தண்ணீர் குடித்தாலே திரும்பி வருகிறது, கெட்டியாக எது சாப்பிட்டாலும் நெஞ்சில் நிற்கிறது என்றால், குழாயின் நடுவில் சுருக்கமோ முறுக்கோ விழுந்திருக்கலாம். இதை மாத்திரையால் திறக்க முடியாது. எண்டோஸ்கோபி வழியாக பலூன் வைத்து விரிப்பது உண்டு.

இந்த வாந்தியில்தான் பலரும் அறியாத ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. பி1 எனப்படும் தயமின் சத்தை உடம்பு அதிக நாள் சேமித்து வைப்பதில்லை. இரண்டு மூன்று வாரம் வாந்தியாக இருந்தாலே இருப்பு காலி. நம் ஊர் வழக்கம் என்ன? நாலு நாள் சாப்பிடவில்லை, தலைசுற்றுகிறது என்றால் தெருமுனை கிளினிக்கில் போய் 'ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க டாக்டர்' என்பது. குளுக்கோஸை எரித்துச் சக்தியாக்க தயமின் வேண்டும். இருக்கும் கொஞ்சத்தையும் அந்த பாட்டில் தீர்த்துவிட்டால், மூளை தவித்துப்போகும். கண் இரண்டிரண்டாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, பேச்சிலும் நினைவிலும் குழப்பம் என்று தொடங்கும். 'வெர்னிக்கி' என்று பெயர். உடனே தயமின் ஊசி போட்டால் மீட்கலாம். தாமதித்தால் ஞாபகமறதி நிரந்தரமாகத் தங்கிவிடக்கூடும்.

ஆகவே, எடைக்குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்டவர் வாந்தியோடு எந்த மருத்துவமனைக்குப் போனாலும் முதலில் சொல்ல வேண்டியது, எப்போது, என்ன ஆபரேஷன் என்பது. குளுக்கோஸுக்கு முன்பாக தயமின் என்பது மருத்துவர்களுக்குத் தெரிந்த விதிதான். ஆனால், ஒல்லியாக இருக்கும் ஒருவரைப் பார்த்து, இவர் இரண்டு வருடத்துக்கு முன்பு வயிறு வெட்டியவர் என்று யாருக்கும் தோன்றாது. டிஸ்சார்ஜ் சம்மரியை போட்டோ எடுத்து செல்போனில் வைத்திருப்பதும், வீட்டில் ஒருவருக்காவது அதைக் காட்டி வைத்திருப்பதும் உயிர் காக்கும் காரியம். மாமியாரிடம் மறைத்தாலும் கணவரிடமாவது சொல்லத்தான் வேண்டும்.

ஆபரேஷன் முடிந்த முதல் சில வாரங்களில் வேறு கவலை. தைத்த இடத்தில் கசிவு ஏற்படலாம். அரிதானது, ஆனால் ஆபத்தானது. காய்ச்சல், நிமிடத்துக்கு 120-ஐத் தாண்டும் நாடித்துடிப்பு, வயிற்றுவலி, இடது தோள்பட்டை வலி ஆகியவை வந்தால் காலைவரை காத்திருக்கக் கூடாது. மூன்றாம் மாதம் முடி கொட்டுவது கசிவுபோல பயப்பட வேண்டியதல்ல. புரதமும் இரும்பும் சரியாகப் போனால் பெரும்பாலும் திரும்ப வளரும். வேகமாக எடை இறங்கும்போது பித்தப்பையில் கல் உருவாகும் என்பதால், முதல் ஆறு மாதத்துக்குச் சிலருக்குத் தடுப்பு மாத்திரை கொடுப்பதும் உண்டு.

அப்படியானால் பைபாஸே செய்துவிடலாமே?

எதுக்களிப்பு என்ற ஒன்றை மட்டும் வைத்துப் பார்த்தால், ஆம். 1966-ல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்டு மேசன் தொடங்கிவைத்த பைபாஸ், பல மாற்றங்களைக் கண்டு இன்றும் நிலைத்திருக்கிறது. இரைப்பையின் உச்சியில் கோழிமுட்டை அளவு சிறு பையை மட்டும் பிரித்து, சிறுகுடலைக் கீழிருந்து மேலே கொண்டுவந்து அதில் நேரடியாக இணைக்கிறார்கள். அந்தச் சின்னப் பையில் அமிலம் சுரக்கும் இடம் மிகக் குறைவு. பித்தநீர் வெகுதூரம் கீழேபோய்த்தான் சாப்பாட்டோடு சேர்கிறது. மேலே ஏறி வருவதற்கு ஒன்றுமில்லை. ஸ்லீவுக்குப் பிறகு எதுக்களிப்பு தாங்க முடியாதவர்களுக்கு அதையே பைபாஸாக மாற்றுவதும் இதனால்தான். சாதாரண எதுக்களிப்புக்கு இரைப்பையின் மேல்பகுதியை உணவுக்குழாயைச் சுற்றி மாலைபோல் போட்டுத் தைக்கும் ஆபரேஷன் ஒன்று இருக்கிறது. ஸ்லீவ் செய்தவர்களுக்கு அந்த மேல்பகுதியே இல்லை, எதை எடுத்துச் சுற்றுவது?

ஆனால், பைபாஸுக்கு அதன் சொந்தத் தொல்லைகள் உண்டு. இனிப்பு சாப்பிட்ட அரை மணி நேரத்துக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு வருவது 'டம்பிங்'. சிலருக்கு ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை தடாலென இறங்கி மயக்கம் வரும். தீபாவளி லட்டு அவர்களுக்கு வில்லன். இரைப்பையும் குடலும் சேரும் இடத்தில் புண் வரலாம். சிகரெட்டும், தலைவலி மூட்டுவலிக்கென்று கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபன் போன்ற வலி மாத்திரைகளும் அந்தப் புண்ணுக்கு நேரடி அழைப்பு. மது முன்பைவிட வேகமாகவும் அதிகமாகவும் தலைக்கு ஏறும். இரும்பு, பி12, கால்சியம் குறைபாடும் ஸ்லீவைவிட அதிகம்.

குடலை இடம்மாற்றி வைக்கும்போது இடையில் உருவாகும் சந்துகளில் குடல் நுழைந்து சிக்கிக்கொள்வது மற்றொன்று. ஆபரேஷன் முடிந்து சில வருடங்கள் கழித்துக்கூட, திடீரெனப் பிடித்து முறுக்கும் வயிற்றுவலியாக இது வரும். ஸ்கேனில் தெரியாமலும் போகலாம். அந்த நேரத்தில் 'ஸ்கேன் நார்மல், வீட்டுக்குப் போங்க' என்பதைக் கேட்டுக்கொண்டு திரும்பாமல், பைபாஸ் செய்த மருத்துவருக்கு உடனே போன் போட வேண்டும்.

நம் நாட்டில் 'மினி பைபாஸ்' என்ற பெயரில் ஒரே ஓர் இணைப்போடு முடிக்கும் ஆபரேஷனும் பரவலாக நடக்கிறது. அதில் பித்தநீர் இரைப்பைப் பக்கம் ஏற வாய்ப்பு இருக்கிறது. அமில மாத்திரை, பித்தநீர் ஏறுவதை நிறுத்தாது. பெயரில் 'மினி' இருப்பதால் பின்கவனிப்பும் மினியாக இருக்கலாம் என்று நினைத்துவிடக் கூடாது.

ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு கேள்வி

எடைக்குறைப்பு அறுவைசிகிச்சை பலருக்கு உயிர்ப்பிச்சை. சர்க்கரையும் தூக்கத்தில் மூச்சடைப்பும் சேர்ந்து ஆயுளைத் தின்றுகொண்டிருக்கும் 120 கிலோ உடம்புக்கு, எதுக்களிப்புக்குப் பயந்து ஆபரேஷன் வேண்டாம் என்பது சரியான கணக்கு ஆகாது. சரியான கணக்கு, எந்த ஆபரேஷன் என்பதில் இருக்கிறது. மருத்துவமனைகளின் விளம்பரங்களில் 'முன்பு, பின்பு' படங்கள் இருக்கும். அந்தப் 'பின்பு' படத்தில் இருப்பவர் ராத்திரி எப்படித் தூங்குகிறார் என்பதைப் படத்தில் காட்ட முடியாது.

ஆலோசனைக்குப் போகும்போது, முன்பே நெஞ்செரிச்சல் இருந்தால் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். 'எப்பவாவது வரும் டாக்டர்' என்று சிரித்து மழுப்புவது இங்கே விலை உயர்ந்த பொய். வாரத்தில் எத்தனை நாள், ராத்திரி எழுப்புகிறதா, எத்தனை வருடமாக மாத்திரை என்பதெல்லாம் வேண்டும். ஆபரேஷனுக்கு முன்பு எண்டோஸ்கோபி செய்வார்களா, அதில் புண்ணோ பாரெட்ஸோ ஹெர்னியாவோ தெரிந்தால் முடிவு மாறுமா, எனக்கு ஏன் ஸ்லீவ், ஏன் பைபாஸ் இல்லை என்று கேட்க வேண்டும். பாரெட்ஸ் ஏற்கெனவே இருப்பவருக்கும், கடுமையான அமிலப் புண் இருப்பவருக்கும் ஸ்லீவைத் தவிர்ப்பதே நல்லது என்பதுதான் பெரும்பாலான நிபுணர்களின் கருத்து. கேள்விக்கு எரிச்சல்படும் மருத்துவர் என்றால், வேறு ஒருவரையும் பார்த்துவிடுவதில் தப்பில்லை. அவசர ஆபரேஷன் இல்லை இது. ஒரு மாதம் தள்ளிப்போனால் குடி முழுகிவிடாது.

சோபா பெண்மணிக்கு இந்தக் கேள்விகள் இரண்டு வருடம் தாமதம். ஆனாலும் அவருக்கு வழி இல்லாமல் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மெடிக்கல் ஷாப் பில்லைப் பார்த்துவிட்டு கணவர்தான் கேட்கிறார், "இவ்ளோ மாத்திரை யாருக்கு?" அன்றைக்கு விஷயம் வெளியே வருகிறது. இனி அவர் செல்ல வேண்டிய பாதை தெளிவானது. முதலில் எண்டோஸ்கோபி. தேவைப்பட்டால் பேரியம் குடித்து எடுக்கும் எக்ஸ்ரே, மூக்கு வழியாக மெல்லிய குழாய் வைத்து 24 மணி நேரம் அமிலத்தை அளக்கும் சோதனை, உணவுக்குழாயின் அழுத்தத்தை அளக்கும் சோதனை. ஹெர்னியா இருந்தால் அது ஒரு பாதை, நடுவில் சுருக்கம் இருந்தால் இன்னொரு பாதை. இரண்டும் இல்லாமல் புண் மட்டும் இருந்தால், நேரத்துக்குப் போடும் மாத்திரை, 7 மணிக்கு முடியும் இரவு உணவு, தலைமாட்டில் செங்கல் என்று சில மாதங்கள் பார்க்கலாம். அதற்கும் அடங்காவிட்டால்தான் பைபாஸாக மாற்றுவது பற்றிய பேச்சு. இரண்டாவது ஆபரேஷன் முதலாவதைவிடக் கடினம், அதில் அனுபவம் உள்ளவரைத் தேடிப் போக வேண்டும்.

எண்டோஸ்கோபிக்கு முந்தைய இரவு வெறும் வயிறு என்று சொல்லியிருக்கிறார்கள். 7 மணிக்கே இரண்டு இட்லியோடு முடித்துக்கொண்டவரைப் பார்த்து மாமியார் கேட்கிறார், "ஏம்மா, நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு நானும் வரட்டா?"